பிபி மெஷின்: எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு விமர்சனம்

பெட்டியைப் பிரித்த மூன்றாம் நாளே எழுத உட்கார்ந்தேன், அன்றைக்கு எழுதியிருந்தால் ஒரு ஸ்டார்தான், அதுவும் திட்டிக்கொண்டே. இப்போது எட்டு மாதம் ஆகிவிட்டது, நாலு ஸ்டார் கொடுக்கிறேன். அதே மெஷின்தான், அதே அம்மாதான். நடுவில் நான் கொஞ்சம் படித்தேன், அம்மா ஒரு இஞ்ச் டேப்பை எடுத்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் முக்கால்வாசி இந்த விலையில் வரும் எல்லா மெஷினுக்கும் பொருந்தும், ஒருத்தரை மட்டும் மாட்டிவிடுவது நியாயமில்லை. மேற்கையில் பட்டையைச் சுற்றி, பொத்தானை அமுக்கினால் தானே காற்றடித்து, தானே இறக்கி, மேல் எண், கீழ் எண், நாடி என்று மூன்று எண் காட்டும் சாதாரண வகை. 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ப்ளூடூத் இல்லாத மாடல், அது எனக்கு வேண்டவும் வேண்டாம்.

அம்மாவுக்கு 67 வயது, பத்து வருடமாக பிரஷருக்கு ஒரே மாத்திரை. கிளினிக்கில் மாதாமாதம் பார்க்கும்போது "140/80, பரவாயில்லை" என்பார்கள், வந்துவிடுவோம். மெஷின் வந்த அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சோபாவில் உட்காரவைத்துப் பார்த்தால் 168/92. எனக்கு வயிற்றைக் கலக்கியது. உடனே இன்னொரு தடவை, 159/88. மூன்றாவது தடவை 154/86. ஐந்து நிமிடத்துக்குள் மூன்று எண் சொல்கிற சாமானை எப்படி நம்புவது? அம்மா ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: "இது பொய் சொல்லுதுடி, திருப்பிக் குடுத்துடு."

மறுநாள் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி பெட்டியைத் திறக்காமலேயே, "மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா, வீட்ல பார்த்தா எல்லாருக்கும் கொஞ்சம் கூடத்தான் காட்டும்" என்றார். இது தலைகீழ். பெரும்பாலானவர்களுக்கு ஆஸ்பத்திரியைவிட வீட்டில் குறைவாகத்தான் இருக்கும். அதனால்தான் கிளினிக்கில் 140/90க்கு மேல் போனால் பிரஷர் என்று சொல்பவர்கள், வீட்டு ரீடிங்குக்கு 135/85 என்று எல்லையைக் கீழே வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது, தலையாட்டிவிட்டு வந்தேன்.

சரி, இந்தப் பெட்டி உள்ளே என்னதான் செய்கிறது என்று தேட ஆரம்பித்தபோதுதான் விஷயம் சுவாரசியமானது. டாக்டர் ரப்பர் பல்பை அமுக்கி, ஸ்டெதாஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்துக் கேட்பது ஒரு முறை. இந்த மெஷின் எதையும் கேட்பதில்லை. பட்டைக்குள் காற்று ஏறி இறங்கும்போது, அடியில் இருக்கும் ரத்தக்குழாய் ஒவ்வொரு துடிப்புக்கும் பட்டையை லேசாக உதைக்கிறது. அந்த உதை பட்டைக்குள் இருக்கும் காற்றில் ஒரு சின்ன அதிர்வாகத் தெரியும். அழுத்தம் மிக அதிகமாக இருக்கும்போது அதிர்வு சின்னதாக இருக்கும், இறங்க இறங்கப் பெரிதாகும், ஒரு இடத்தில் உச்சத்துக்குப் போய் மறுபடி சிறுத்துவிடும். அந்த உச்சம் வரும் இடம்தான் நம் சராசரி ரத்த அழுத்தம். மெஷின் நேராகப் பிடிப்பது ஏறக்குறைய அது ஒன்றைத்தான். திரையில் பெரிதாகத் தெரிகிற மேல் எண், கீழ் எண் இரண்டும் அந்த அதிர்வுகளின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு எடுப்பவை. அந்தக் கணக்குச் சூத்திரம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, யாரும் வெளியே சொல்வதும் இல்லை. ஆக, இரண்டு கம்பெனி மெஷினை ஒரே கையில் அடுத்தடுத்துக் கட்டினால் இரண்டு எண் வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதிர்வைப் பார்க்கும் இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல, பிரான்சில் எத்தியன்-ஜூல் மாரே 1876லேயே செய்து பார்த்திருக்கிறார். சின்ன கம்ப்யூட்டர் சிப் வந்த பிறகுதான் அது வீட்டு மேஜைக்கு இறங்கியது.

அப்படியானால் உண்மையான பிரஷர் எது? ரத்தக்குழாய்க்குள்ளேயே குழாயைச் செருகிப் பார்ப்பதுதான் உண்மை. அதை முதலில் செய்து எழுதிவைத்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு பெண் குதிரையைக் கட்டிக் கிடத்தி, தொடை ரத்தக்குழாயில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு 9 அடி உயரக் கண்ணாடிக் குழாயை இணைத்திருக்கிறார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது என்று 1733ல் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது. வீட்டில் குதிரையையும் வைக்க முடியாது, 9 அடிக் குழாயையும் வைக்க முடியாது. ரத்தத்தைவிடப் பல மடங்கு கனமான பாதரசத்தை வைத்தால் குழாய் உயரம் குறையும் என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்ததால்தான் இன்றைக்கும் பிபியை மில்லிமீட்டர் பாதரசம் என்று சொல்கிறோம், மெஷினுக்குள் ஒரு சொட்டுப் பாதரசம் இல்லாவிட்டாலும்.

இனி என் வீட்டு வழக்குக்கு வருகிறேன். குற்றவாளி பட்டை.

கையில் கட்டும் பட்டையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இத்தாலியில் ரிவா-ரோச்சி, 1896ல். சைக்கிள் ட்யூப்பை வைத்துச் செய்தார் என்பார்கள். அவர் பட்டை ரொம்பக் குறுகல், ஐந்து சென்டிமீட்டர் அகலம்தான். அதனால் எண் கூடுதலாக வருகிறது, பட்டையை அகலமாக்க வேண்டும் என்று 1901ல் ஜெர்மனியின் ரெக்லிங்ஹாசன் சொல்லிவிட்டார். ஏன் கூடும் என்றால், பெரிய கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் அழுத்தம் ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாய் வரை முழுசாகப் போய்ச் சேராது, குழாயை மூடுவதற்கு மெஷின் கூடுதலாகக் காற்றடிக்க வேண்டியிருக்கும், அந்தக் கூடுதலையும் நம் பிரஷர் கணக்கில் எழுதிவிடும். இது தெரிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்படியும் இன்றைக்குப் பெட்டிக்குள் ஒரே அளவுப் பட்டையைப் போட்டு எல்லோருக்கும் விற்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆத்திரம்.

என் பெட்டியில் வந்த பட்டையில் 22–32 செ.மீ. என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அம்மாதான் கவனித்தார்கள். முப்பது வருடம் ஜாக்கெட் தைத்தவர்கள், பட்டையைக் கையில் சுற்றும்போதே வெல்க்ரோ ஓரத்தில் தொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "கை சுத்தளவு பத்தலையே, இதைப் போட்டா எப்படி சரியா வரும்" என்று கேட்டு, தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்துத் தன் கையைத் தானே அளந்தார்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் 35 செ.மீ. பத்து வருடமாக ஒரு கிளினிக்கிலும் அந்தக் கையை யாரும் அளந்து பார்த்ததில்லை.

பெரிய பட்டை, 32–42 செ.மீ., தனியாக 650 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வருவதற்கு ஒன்பது நாள் ஆனது. கட்டிப் பார்த்தால், ஒரே உட்காரலில் மூன்று ரீடிங்கின் சராசரி 146/82. பழைய பட்டையோடு மாற்றி மாற்றிப் பார்த்தபோது சின்னது ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு புள்ளி கூடவே காட்டியது. நம் வீட்டுச் சோதனையை நம்ப வேண்டாம் என்றால், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆட்கள் 195 பேரை வைத்துச் செய்து 2023ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் மேல் எண் சராசரியாக 4.8 கூடியது. அதற்கும் அடுத்த, மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு 19.5 கூடியது. சின்னப் பட்டை போட வேண்டிய மெலிந்த கைக்கு அந்தச் சாதாரணப் பட்டையையே கட்டினால் 3.6 குறைந்தது. ஒல்லியானவர்கள் வீட்டில் "பிரஷர் நார்மல்" என்று நிம்மதியாக இருப்பதற்கு முன் ஒரு தரம் டேப் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் 168க்கும் 146க்கும் நடுவில் 22 இருக்கிறது, பட்டை அதில் ஐந்தாறுதான். மிச்சம் எங்கே போனது? அது முழுக்க எங்கள் கைங்கரியம்.

முதல் நாள் அம்மா சோபாவில் சாய்ந்து, கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பட்டை இருதய மட்டத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே இறங்கினால், அத்தனை உயர ரத்தத்தின் எடையே 7, 8 புள்ளி சேர்த்துவிடும். இது மருத்துவம்கூட இல்லை, பள்ளிக்கூடத்து இயற்பியல். ஹேல்ஸின் கண்ணாடிக் குழாய்தான், கை உருவத்தில். 2024ல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து 133 பேரை வைத்து இதையும் அளந்து போட்டார்கள்: மேஜையில் வைத்த கையோடு ஒப்பிட்டால், மடியில் வைத்த கை மேல் எண்ணை 3.9 கூட்டியது, பக்கவாட்டில் தொங்கவிட்ட கை 6.5. எங்கள் டீப்பாய் ரொம்பத் தாழ்வு, அதில் கை வைத்தாலும் மட்டம் வரவில்லை. இப்போது சாப்பாட்டு மேஜையில், கைக்கு அடியில் ஒரு தலையணையை மடித்து வைத்துப் பார்க்கிறோம்.

அப்புறம் பேச்சு. அம்மா பிபி பார்க்கும் நேரத்தில்தான் சித்திக்கு போன் போடுவார்கள். ஸ்பீக்கரில் போட்டு, "இரு, பிரஷர் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் பத்து வாக்கியம் பேசுவார்கள். பேசினால் ஏறும், கால் மேல் கால் போட்டால் ஏறும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஏறும், காபி குடித்த அரை மணிக்குள் பார்த்தால் ஏறும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, வாயை மூடி உட்கார வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது, யார் படிக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடம் உட்காரவைப்பதுதான் எங்கள் வீட்டில் பெரும்பாடு. உட்கார்ந்த பிறகு எண்கள் 138, 136, 139 என்று சாதுவாக வர ஆரம்பித்தன. மெஷின் பொய் சொல்லவில்லை என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். முதல் நாளும் அது, குறுகல் பட்டையும் மடியில் கிடந்த கையும் சேர்ந்த அந்த நிமிடத்தில் தெரிந்ததைத்தான் சொல்லியிருக்கிறது.

டாக்டரைப் பார்த்தால் பிரஷர் ஏறுவது தனிக் கதை. இத்தாலியில் மான்சியா குழுவினர் 1983ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ரத்தக்குழாய்க்குள்ளேயே குழாய் வைத்து இடைவிடாமல் பதிவாகிக்கொண்டிருக்கும் நோயாளிகளிடம் ஒரு டாக்டர் வந்து பட்டை கட்டிப் பிபி பார்த்தார். அவர் வந்த நாலு நிமிடத்துக்குள் மேல் எண் சராசரியாக 27 ஏறியது, கீழ் எண் 15. டாக்டர் எந்தத் தப்பும் செய்யவில்லை, வந்தார், அவ்வளவுதான். சிலருக்கு நேர் எதிராக, கிளினிக்கில் சாந்தமாக இருந்து வீட்டில் ஏறும், அதுதான் ஆபத்தானது, வீட்டு மெஷின் இல்லாவிட்டால் அது வெளியே தெரியவே தெரியாது.

எங்கள் கிளினிக் எண்ணும் எனக்குச் சந்தேகம்தான். பழைய சீட்டுகளை எடுத்து அடுக்கினேன்: 140/80, 140/90, 130/80, 140/80. எல்லாம் பூஜ்யத்தில் முடிகிறது. மனிதக் கண்ணும் காதும் எண்ணை உருட்டி முழுசாக்கிவிடும், உலகம் முழுக்க இருக்கிற பழக்கம், அதற்குத் தனிப் பெயரே உண்டு. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் முறை, கொரோட்காஃப் என்ற ரஷ்ய ராணுவ டாக்டர் 1905ல் ஒரு பக்கத்துக்கும் குறைவான அறிக்கையில் சொன்னது, காற்றை இறக்கும்போது சத்தம் தொடங்குவது மேல் எண், மறைவது கீழ் எண். நிதானமாகச் செய்தால் இன்றைக்கும் அதை மிஞ்ச ஆளில்லை, புது மெஷின்களையே அதோடு ஒப்பிட்டுத்தான் பரீட்சை வைக்கிறார்கள். வெளியே நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது யார் நிதானமாகச் செய்வது? பாதரச மெஷினும் போய்க்கொண்டிருக்கிறது, பாதரசத்தைக் குறைக்க நாடுகள் சேர்ந்து போட்ட மினமாட்டா ஒப்பந்தப்படி 2020க்குப் பிறகு அதைத் தயாரிப்பதையே நிறுத்த வேண்டும்.

இப்போது பெட்டி மேல் போட்டிருக்கும் விளம்பரம். "துல்லியம் ±3" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நம்பி 140 என்றால் 137க்கும் 143க்கும் நடுவில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிடையாது. அந்த 3, உள்ளே இருக்கும் காற்றழுத்த சென்சாரின் துல்லியம். நம் பிரஷரைக் கணக்குப் போட்டு எடுப்பதில் வரும் பிழை வேறு. அதற்குச் சர்வதேசப் பரீட்சை ஒன்று உண்டு: குறைந்தது 85 பேரிடம், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்ட அளவோடு ஒப்பிட வேண்டும், சராசரி வித்தியாசம் 5க்குள், அந்தச் சராசரியைச் சுற்றி வித்தியாசங்கள் சிதறும் அளவு (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) 8க்குள் இருந்தால் பாஸ். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிதறல் 8 என்றால் என்ன அர்த்தம் என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன்: சராசரிப் பிழை பூஜ்யமாகவே இருந்தாலும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு ரீடிங் 10 புள்ளிக்கு மேல் தள்ளிப்போகலாம், அப்படியும் அந்த மெஷின் பாஸ்தான். அதனால்தான் ஒற்றை ரீடிங்கை வைத்து யாரும் பயப்படவும் கூடாது, குதிக்கவும் கூடாது. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, நடுவில் ஒரு நிமிட இடைவெளி, ஒரு வாரம் எடுத்து, முதல் நாளைத் தள்ளிவிட்டு மிச்சத்தின் சராசரியைப் பார்க்கச் சொல்கிறார்கள். அம்மாவின் ஒரு வாரச் சராசரி 137/79. நோட்டோடு டாக்டரிடம் போனோம், புரட்டிப் பார்த்துவிட்டு மாத்திரையை மாற்றாமல் அப்படியே விட்டார். முதல் நாள் 168ஐக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

அந்தப் பரீட்சையைக்கூட எழுதாத மெஷின்கள் கடையில் ஏராளம். பாஸான மாடல்களின் பட்டியலை ஸ்டிரைட் பிபி என்ற அமைப்பு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, கம்பெனி பெயரோடு மாடல் எண்ணையும் பொருத்திப் பாருங்கள், ஒரே கம்பெனியில் ஒரு மாடல் இருக்கும், பக்கத்து மாடல் இருக்காது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் அடாப்டர் இல்லை, நாலு பேட்டரி போடணும், பேட்டரி இறங்கினால் பாதியில் காற்றை விட்டுவிட்டு எரர் காட்டுகிறது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் எண்ணைச் சத்தமாகப் படிக்கிறது, தமிழ் இல்லை. அந்தக் குரலை அணைக்கும் வழியைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது, அது வரைக்கும் அதிகாலையில் வீடே எழுந்துகொண்டது. மெமரியில் இரண்டு பேருக்கு இடம் உண்டு, ஆனால் யார் என்று மாற்ற மறந்தால் எல்லாம் கலந்துவிடும். மேல் வீட்டு அக்காவும், பால்காரரும், ஊரிலிருந்து வந்த பெரியப்பாவும் பார்த்துக்கொண்ட ரீடிங்குகள் அம்மா கணக்கில் ஏறி, ஒரு மாதச் சராசரி பாழ். இப்போது மெஷின் மெமரியை நம்புவதில்லை, காலண்டரில் பேனாவால்தான்.

சிலர் இதை வெறுமனே வாங்கினால் பிரயோஜனம் இல்லை. இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கும் நோய் உள்ளவர்களுக்கு, ஒவ்வொரு உதையும் ஒவ்வொரு அளவில் வருவதால் கணக்குத் தடுமாறும், அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் தனியாகப் பரீட்சித்த மாடல்தான் வாங்கணும், மற்றவை குறைத்துக் காட்டிவிடக்கூடும், அந்த நேரத்தில் அது விளையாட்டில்லை. மணிக்கட்டில் கட்டும் வகை ஒன்று துபாயிலிருந்து மச்சான் அனுப்பியது எங்கள் அலமாரியில் தூங்குகிறது. கையைச் சரியாக இருதய மட்டத்தில் பிடிக்காவிட்டால் அது எண்ணை இஷ்டத்துக்குச் சொல்லும். அண்ணன் பையனுடைய வாட்ச் வெளிச்சத்தை வைத்துத் துடிப்பைப் பார்த்துப் பிபியை ஊகிக்கிறது, அதை அவ்வப்போது கைப்பட்டை மெஷினோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்ய வேண்டுமாம். அப்புறம் எதற்கு அது?

மெஷினுக்கு நாலு ஸ்டார், பெட்டிக்குள் வந்த பட்டைக்கு ஒன்று. கடைக்குப் போவதற்கு முன் கையை அளந்துகொண்டு, அந்த எண்ணைச் சொல்லிப் பட்டையைக் கேளுங்கள், முகத்தைப் பார்த்து "நார்மல் போதும்" என்றால் வேறு கடை.

போன வாரம் மேல் வீட்டு அக்கா வழக்கம்போலப் பிரஷர் பார்க்க வந்தார்கள். நான் பெரிய பட்டையோடு போவதற்குள் அம்மா டேப்பை அவர் கையில் சுற்றிவிட்டார்கள். 26. "உனக்கு இது லூசு" என்று சொல்லி, நான் தூக்கிப் போட நினைத்திருந்த அந்தச் சின்னப் பட்டையை அலமாரியிலிருந்து எடுத்து வந்து கட்டிவிட்டு, "இப்ப பேசாம இரு" என்றார்கள்.